கை திருத்திய பிழை

ஒரே தாளைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் பின்னினோம். அக்காவின் மேசை விரிப்பு தட்டுப்போலப் படிந்து கிடந்தது. என்னுடையது கோழிக்கொண்டைப் பூமாதிரி ஓரமெல்லாம் நெளிந்து எழும்பி நின்றது. இருவருக்கும் இருபதாம் நம்பர் நூல், ஒரே அளவு குரோஷா ஊசி. குறிப்பும் ஒன்றுதான். தனுவச்சபுரம் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் அக்காவின் வீட்டு வராந்தாவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

குறிப்பை எழுதியவர் தொலைவில் ஒரு நகரத்தில் இருப்பவர். புதிது புதிதாகப் பின்னல் வடிவங்களை உருவாக்கி, அவற்றின் செய்முறையை எழுதி விற்கிறார். விற்பனைக்கு விடுவதற்கு முன் நாலைந்து பேருக்கு அனுப்பி, பின்னிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பது அந்தத் தொழிலின் வழக்கம். அப்படிப் பின்னிப் பார்ப்பவர்களை டெஸ்டர் என்கிறார்கள். கூலி கிடையாது. பின்னலில் உள்ள பிரியத்தால் செய்வது. நானும் அந்தப் பிரியத்தால்தான் ஒத்துக்கொண்டேன். எழுபது வயதைத் தாண்டிய அக்காவையும் இழுத்து விட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. அக்காவின் விரிப்பு மிகச் சரி, குறிப்பில் பிழையில்லை என்பது உறுதியாகிவிட்டது, நீங்கள் மட்டும் இன்னொரு தடவை கவனமாக எண்ணிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். நான் முழுவதையும் பிரித்து, எழுத்தெழுத்தாகப் படித்து மறுபடி பின்னினேன். மறுபடியும் கோழிக்கொண்டை. இரண்டு வாரம் போயிற்று. என் கையில்தான் கோளாறு என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “மூணாவது சுற்றிலேயே தெரிஞ்சு போச்சு மக்களே, இது நெளியும்னு. பிறகு ஒண்ணு விட்டு ஒரு சுற்றுக்கு நான் கூட்டாம விட்டேன். கடைசியில அளவு பத்தல்ல, பத்துற வரைக்கும் சுற்று சேர்த்துப் போட்டேன். கஞ்சி போட்டுத் தேச்சா படிஞ்சிரும்.”

“அதை ஏன் அக்கா அவங்ககிட்ட சொல்லல்ல?”

“இதுல சொல்லதுக்கு என்ன உண்டு? கை அறியும்.”

அந்தப் பதில் என்னைப் பல நாள் விடவில்லை. அக்காவின் கை அறிந்தது. ஆனால் கை அறிந்ததை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு பிழை என்றே அவருக்கு அது தோன்றவும் இல்லை. சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தால் போட்டுக்கொள்வதுபோல் போகிற போக்கில் சரி செய்துவிட்டார். அதனால் பிழையுள்ள தாள் நற்சான்று பெற்றது. தாளை நம்பி அப்படியே பின்னியவளுக்குப் பழி வந்தது. தேர்ந்த கைகளை மட்டும் வைத்துச் சோதித்தால் நடப்பது இதுதான். கை எவ்வளவுக்குத் தேர்ந்ததோ, பிழை அவ்வளவுக்கு ஓசையில்லாமல் மறையும்.

பிழை என்ன என்பதைக் கண்டுபிடிக்கக் கணக்கு உதவியது. வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எத்தனை கூட்டுவது என்பது கண்ணியின் உயரத்தைப் பொறுத்தது. குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஆரம் ஒரு கண்ணி அளவு வளர்ந்தால் சுற்றளவு ஆறேகால் கண்ணிக்குச் சற்று மேலே வளரும். பள்ளியில் படித்த பை கணக்குத்தான். ஆகவே சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் படிந்து கிடக்கும். நெட்டைக் கண்ணி அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம்; அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு. குட்டைக்குப் பன்னிரண்டு கூட்டினால் ஓரம் இடம் போதாமல் நெளியும். நெட்டைக்கு ஆறே கூட்டினால் விரிப்பு கிண்ணமாகக் குவிந்துவிடும்.

தாளில் ‘டபுள் குரோஷா, சுற்றுக்கு 12’ என்று இருந்தது. அமெரிக்க வழக்கில் டபுள் என்றால் நெட்டைக் கண்ணி. பிரிட்டிஷ் வழக்கில் டபுள் என்றால் குட்டை. நெட்டையை அவர்கள் ட்ரெபிள் என்பார்கள். எழுதியவர் அமெரிக்கப் புத்தகங்களிலிருந்து கற்றவர். அக்கா மிஷன் தையல் வகுப்பில் கற்றவர், நான் அக்காவிடம் கற்றவள். எங்களுக்கு டபுள் என்றால் குட்டைதான். எழுதியவர் கணக்கு அவருக்குச் சரி, எங்கள் கை எங்களுக்குச் சரி. எந்த நாட்டு டபுள் என்பதைச் சொல்லும் ஒரு வரி தாளில் இல்லை.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிக நேரம் தேவையில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி போட்ட எல்லைக்கோட்டில் விளவங்கோடு தாலுகா தமிழ்ப் பக்கம் போயிற்று, எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளப் பக்கம் நின்றது. பாறசாலைச் சந்தையில் ஒரு பேச்சு தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். முடிச்சு என்பதும் கெட்டு என்பதும் ஒரே கயிற்றில்தான் விழுகின்றன. இரண்டு மொழிக்கு நடுவே வாழ்பவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும்: சொல் தெரிந்ததாக இருந்தாலும், சொல்பவர் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது. அந்தப் பழக்கம் எனக்கு இருந்தும் டபுள் என்ற சொல்லிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. தெரிந்த சொல்தானே என்று விட்டுவிட்டேன்.

அக்காவின் கைக்கு ஒரு வரலாறு உண்டு. லண்டன் மிஷன் ஊழியர்கள் சார்லஸ் மீடும் சார்லஸ் மால்ட்டும் நாகர்கோவிலில் பணி தொடங்கிய காலத்தில், அவர்களுடைய மனைவியர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மார்த்தா மால்ட் 1820களில் அதைப் பெரிய அளவில் வளர்த்தார். நாகர்கோவிலில் பிறந்த அவர் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்து, அதே கைவேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். மார்த்தாண்டம் தாண்டி முளகுமூட்டில் 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மேஸ்டர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மடத்திலும் ரேந்தை வேலை வேரூன்றியது. தெற்குத் திருவிதாங்கூரில் அடிமைகளாயிருந்த குடும்பங்களின் பெண்கள் ரேந்தைக் காசால் தங்கள் விடுதலையை வாங்கியிருக்கிறார்கள். சமஸ்தானம் அடிமைமுறையை ஒழித்து அறிவித்தது 1855இல்தான். தோள்சீலைக்கான அறிவிப்பு வந்தது 1859இல். அதாவது, தங்கள் தோள்மேல் ஒரு சீலை போடும் உரிமைக்காக அடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெண்கள் வேறு யாருடைய சட்டைக் கழுத்துக்கோ ரேந்தை பின்னினார்கள். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் ஊசியை எடுப்பதில்லை.

அவர்கள் பின்னியது தலையணை ரேந்தை. தலையணைமேல் துளையிட்ட அட்டையைக் குத்தி வைத்து, துளைக்கு ஒரு குண்டூசி நட்டு, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை அந்த ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போடும் வேலை. அந்த அட்டைதான் அங்கே பேட்டர்ன். ஊசி எங்கே நிற்க வேண்டும் என்று அட்டை சொல்லும். எந்தக் கட்டையை எதன்மேல் போடுவது, எத்தனை முறுக்கு என்பதை அட்டை சொல்லாது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. எழுதப்பட்ட பாதி ஒன்று, எழுதப்படாத பாதி ஒன்று. அட்டைக்குக் காரணமானவர்களின் பெயர்களை இன்று நாம் வரலாறாகச் சொல்கிறோம்: மீட், மால்ட், கால்டுவெல். எழுதப்படாத பாதியைச் சுமந்தவர்களை ‘ரேந்தைப் பெண்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். அக்கா தன் திருத்தத்தைச் சொல்லாமல் விட்டதற்கு அடக்கம் மட்டும் காரணமாக இருக்காது. கை வேலையில் தன் பங்கு சொல்லத்தக்கது என்று இருநூறு ஆண்டாக யாரும் இந்தப் பெண்களிடம் கேட்கவில்லை.

குறிப்பு எழுதும் கலை நம்மிடம் இல்லாமலில்லை. ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்றால் தமிழ்நாட்டின் எந்த வாசலிலும் ஒரே புள்ளி வரிசை விழும். நாலு சொல்லில் ஒரு முழு வடிவத்தின் எலும்புக்கூடு. பத்திரிகையில் வந்த கோலத்தைப் பார்த்துப் போடுபவள் அதை வரைந்தவளைக் கூப்பிட்டு எதுவும் கேட்டதில்லை. ஆனால் கோலத்துக்கு ஒரு சலுகை உண்டு. முற்றம் சிறிதானால் புள்ளியை நெருக்கி வைக்கலாம், பெரிதானால் விலக்கலாம், வடிவம் கெடாது. நூலுக்கு அந்தச் சலுகை கிடையாது. நூலுக்குத் தடிமன் உண்டு, கைக்கு இறுக்கம் உண்டு. பத்து சென்டிமீட்டரில் இருபது கண்ணி போடும் கைக்கு நூறு கண்ணி ஐம்பது சென்டிமீட்டர். கொஞ்சம் இறுக்கமான கையில் அதே பத்து சென்டிமீட்டரில் இருபத்திரண்டு விழும். நூறு கண்ணி நாற்பத்தைந்தரைதான் வரும். விரிப்பில் இது ஒன்றுமில்லை. குழந்தையின் சட்டையில் அது தலை நுழையாத கழுத்து.

சுபாஷ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் 2016 ஜனவரியில் சென்னையில் உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் சாதனை படைத்தார்கள், 11,148.5 சதுர மீட்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டில் இருந்து பின்னி அனுப்பிய துண்டுகளைச் சேர்த்த போர்வை அது. ஒவ்வொரு துண்டும் ஒரு சென்டிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, வரிசையில் நூறு துண்டு சேரும்போது ஒரு மீட்டர் தள்ளிப்போகும். அத்தனை கைகளையும் ஒரே அளவுக்குள் கொண்டுவந்ததுதான் என் கண்ணுக்கு அந்தச் சாதனையின் பெரிய பகுதி.

எழுதியதை ஒருவர் கேட்டுச் சோதிப்பது நமக்குப் புதிதில்லை; இனி அதங்கோட்டாசானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெளிவுபடுத்தி அந்த நூல் அரங்கேறியதாகச் சொல்கிறது. நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதையும் வருகிறது. அகத்தியர் தொல்காப்பியனோடு பிணங்கி, அவன் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் சொல்கிறார். ஆசானுக்கு இக்கட்டு: குருவின் சொல்லையும் மீறக்கூடாது, நண்பனையும் விடக்கூடாது. கேட்கிறேன், ஆனால் குற்றம் கண்டுகொண்டே கேட்கிறேன் என்று முடிவு செய்கிறார். இடந்தோறும் குற்றம் சொல்கிறார், இடந்தோறும் தொல்காப்பியர் விடை சொல்கிறார். அந்த அதங்கோடு நமக்குப் பக்கத்தில், எல்லைக்கு அப்பால் குழித்துறையை அடுத்து இருக்கும் ஊர்தான் என்பது இந்தப் பகுதியின் நெடுநாள் நம்பிக்கை.

தமிழின் முதல் டெஸ்டர் என்று அவரை நான் மனதார அழைக்கிறேன். அவர் வேலை புதிதாக ஒரு இலக்கணம் எழுதுவதாக இருக்கவில்லை, எழுதியவரைப் புகழ்வதாகவும் இருக்கவில்லை. எங்கெங்கே மனம் தடுக்குகிறதோ அங்கங்கே நின்று கேட்டார். பாயிரம் அவர் பெயரை மறைக்கவில்லை. நூல் இருக்கும்வரை, அதைக் கேட்டுச் சோதித்தவரின் பெயரும் ஊரும் அதன் வாசலில் நிற்கின்றன. நம் அரங்கேற்ற மரபு இவ்வளவு சரியான ஒன்றைச் செய்து வைத்திருக்கும்போது, நாம் ஏன் ‘சூப்பர்’, ‘அருமை’ என்ற இரண்டு சொல்லோடு சோதனையை முடித்துக்கொள்கிறோம்?

அந்த மேசை விரிப்பு விவகாரத்துக்குப் பிறகு அக்காவும் நானும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று. எந்தச் சுற்றில் கை நின்றது, தாளில் என்ன படித்தோம், கை உண்மையில் என்ன செய்தது. திருத்திக்கொண்டது சரியாகவே இருந்தாலும் எழுத வேண்டும். சரியாக இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். முதல் வாரம் அக்காவுக்கு இது குற்றப்பத்திரிகை எழுதுவதுபோல் இருந்தது. “அவ பாவம், கஷ்டப்பட்டு எழுதியிருக்கா” என்றார். பிழையை மறைத்தால் காசு கொடுத்து வாங்கப்போகிற முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைப்போல் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று சொன்ன பிறகுதான் எழுதத் தொடங்கினார். நூல் உருண்டையைத் தொடங்கும்போதும் முடித்த பிறகும் சமையலறைத் தராசில் வைத்து எடை குறிக்கிறோம். எத்தனை கிராம் போயிற்று என்பது தாளில் இருக்கும் மதிப்பீட்டைவிட நம்பகமானது. பின்னியதை நனைத்து உலர்த்தி மறுபடி அளக்கிறோம்.

எழுதியவரிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்டுக்கொண்டேன்: நாங்கள் பின்னி முடிக்கும்வரை போன் செய்யாதீர்கள். அவருக்கு அது முதலில் வருத்தம்தான். உதவி செய்யத்தானே கூப்பிடுகிறேன் என்றார். ஆனால் போனில் அவர் விளக்கித் தீர்த்த சந்தேகம் என் மனதில் தீரும், தாளில் தீராது. வாங்குபவர் வீட்டுக்கு அவருடைய குரல் போகப்போவதில்லை, தாள் மட்டும்தான் போகும். கேள்வி வந்தால் அதைத் தாளிடம் கேட்க வேண்டும். தாள் பதில் சொல்லாவிட்டால் தாளைத் திருத்த வேண்டும். திருத்திய தாளை ஒருவருக்கு மட்டும் அனுப்பாமல், தேதி போட்டு எல்லா டெஸ்டர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்டேன். பாதி வழியில் ஒருவர் பழைய தாளிலும் ஒருவர் புதிய தாளிலும் பின்னிக்கொண்டிருந்தால் யார் சொல்வது எதைப் பற்றி என்று எழுதியவருக்கே தெரியாமல் போய்விடும்.

கைகள் பலவகையாக இருக்க வேண்டும் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. அக்காவின் பேத்தி இடதுகைக்காரி. ‘வலப்பக்கம் இருக்கும் கண்ணி’ என்று எழுதிய இடத்தில் அவள் ஒருத்திதான் நின்றாள். எங்கள் எல்லோருக்கும் அந்த வரி தண்ணீர்போல் ஓடியிருந்தது. இப்போது ‘கடைசியாகப் போட்ட கண்ணி’ என்று மாற்றியிருக்கிறார்கள், யார் கைக்கும் பொருந்தும். ஊசி பிடித்து ஒரு மாதம் ஆன ஒரு கல்லூரி மாணவியைச் சேர்த்தபோது இன்னும் ஏழெட்டு இடங்கள் வெளிப்பட்டன. அவளுக்குக் கை அறியாது. அதனால் தாள் சொன்னதை மட்டுமே செய்தாள். சோதனைக்கு அதைவிட நல்ல கை இல்லை.

டெஸ்டர்கள் பக்கம் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். இலவசமாகக் குறிப்பு கிடைத்ததும் காணாமல் போகிறவர்கள் உண்டு. பின்னக் கொடுத்த வடிவத்தைத் தன் ரசனைக்கு மாற்றச் சொல்கிறவர்கள் அதைவிட அதிகம்: ஓரத்தில் பூ வையுங்கள், நிறத்தை மாற்றுங்கள். அது எழுதியவரின் உரிமை. நம்மிடம் கேட்ட கேள்வி, இந்தத் தாள் ஒருவரைச் சொன்ன இடத்துக்குக் கொண்டுசேர்க்கிறதா என்பது. ஆனால் ஒரு டெஸ்டர் சொன்ன யோசனையால் வடிவமே மேம்பட்டால், அது இன்னாரிடமிருந்து வந்தது என்று எழுதாமல் விடுவது திருட்டுத்தான். வேறு மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

காசைப் பற்றிப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள். விருப்பப்பட்டுச் செய்வதற்குக் கணக்கா என்பார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆந்திராவின் நர்சாபூரில் ரேந்தை பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்காக நாள் முழுவதும் பின்னிய அந்தப் பெண்கள் ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்’ என்று கருதப்பட்டதால்தான் அவ்வளவு குறைந்த கூலியில் வேலை வாங்க முடிந்தது என்று அவர் காட்டினார். பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் உழைப்பை ஒளித்து வைப்பது எளிது. ஒரு விரிப்பைப் பின்ன அக்காவுக்குப் பதினோரு பகல் ஆயிற்று. அந்த நூல் அவர் பென்ஷன் காசில் வாங்கியது. தன்னார்வம் என்பது நேரத்தைத் தருவது. நூலையும் அவரே வாங்கித் தர வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. குறிப்பு விற்பனைக்குப் போகும் என்றால் நூல் விலை டெஸ்டருக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் உடம்புக்கு முடியாமலோ வீட்டில் கல்யாணம் வந்தோ ஒருவர் விலகினால், சங்கடமில்லாமல் விலக வழியிருக்க வேண்டும்; பாதி பின்னியவரின் நோட்டிலும் பாதிப் பிழைகள் இருக்கும், அதையும் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த நகரத்துப் பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நோட்டின் படங்களைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு குறிப்பை முதலிலிருந்து மறுபடி எழுதினார். இப்போது அதன் முதல் வரியில் இது அமெரிக்க வழக்கு என்று இருக்கிறது. குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்று தமிழில் அடைப்புக்குறிக்குள் விளக்கமும், பக்கத்தில் கண்ணியின் உயரத்தைக் காட்டும் ஒரு சிறு படமும் உண்டு. சோதித்தவர்களின் பெயர்கள் மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அவருக்கும் இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் தாளின் அடியில் ஒரு வரி இடம் விடுங்கள். பின்னிப் பார்த்தவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரையும் ஊரையும் அங்கே அச்சிடுங்கள். அதங்கோட்டாசானுக்குப் பனம்பாரனார் செய்தது அவ்வளவுதான்.